கலங்கரை விளக்கத்தில் பெண் பார்த்த நாள்

எனக்குத் தெரிந்து கலங்கரை விளக்கத்தில் வைத்துப் பெண் பார்த்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். 2008ஆம் வருஷம், தை மாதம். அக்காவுக்கு இருபத்தாறு வயது. எனக்கு இருபது.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் பக்கம் பெண் பார்ப்பதென்றால் முதலில் கோயிலில்தான் பார்ப்பார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்தது போல குளத்துப் பக்கம் சந்தித்துக்கொள்ளும். பிடித்திருந்தால் அப்புறம் வீட்டுக்கு வருவார்கள். அக்காவுக்கு அப்படி இரண்டு முறை நடந்து, இரண்டும் கூடிவரவில்லை. இரண்டாவது இடம் தட்டிப்போனதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் பூக்காரம்மா, பால்காரர், எதிர்வீட்டு மாமி என்று ஒவ்வொருவராக என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அதற்குமேல் கோயிலில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தது கடலூர்ப் பையன். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஏதோ கம்பெனியில் வேலை. அவருடைய தாய்மாமனுக்குக் கடலூர் லைட் ஹவுஸில் வேலை. சாயங்காலத்தில் ஜனங்களை மேலே ஏறிப் பார்க்க விடுவார்கள், குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்த மாதிரி வந்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது என்று அந்த மாமாதான் போனில் யோசனை சொன்னார். அம்மாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

காரணம் இதுதான். அக்காவுக்கு வலிப்பு இருந்தது. பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் கிளம்பும்போது முதல் தடவை வந்தது. புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டி, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. முடித்து ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகவும் சேர்ந்துவிட்டாள். எங்கள் நாலு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் வந்தால் கண்ணில் படக்கூடாது என்று மாத்திரை அட்டைகளை ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள். மூன்று வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை, பிறகு எதற்கு மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய வாதம். அப்பா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மூன்று வருஷம் என்பது உண்மையல்ல. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்பு, கார்த்திகையில் ஒரு காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா மார்க்கெட்டில். அக்கா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள், ஏதோ கருகுகிற வாசனை வருகிறதே என்றாள். அவளுடைய இடது கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. நான் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சீப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷம்தான் இருக்கும். எழுந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்லாதடி. மூணு வருஷம்னு எண்ணிக்கிட்டு இருக்காங்க."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் விரலைப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, டிவி பார்க்கும்போதெல்லாம் பார்த்தேன்.

லைட் ஹவுஸுக்குப் போகிற அன்று காலையில் இன்னொன்று நடந்தது. அக்கா மாத்திரையைக் கையில் எடுத்ததும் அம்மா தடுத்தாள். "இன்னிக்கு ஒருநாள் வேணாம்டி. அதப் போட்டா ஒனக்குக் கண்ணு சொருகுது. வந்தப்புறம் ராத்திரி சேத்துப் போட்டுக்கலாம்." அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைத் திருப்பினார். அவள் மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டாள். முந்தின ராத்திரி அவள் சரியாகத் தூங்கவும் இல்லை. தூக்கம் கெடக்கூடாது, மாத்திரை விட்டுப்போகக்கூடாது என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். இரண்டும் ஒரே நாளில் நடந்துவிட்டது. அம்மா புடவை கட்டப் போனதும் டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். எப்படியாவது வழியில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

வழியில் முடியவில்லை. பஸ்ஸில் அம்மா அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டாள். நானும் அப்பாவும் பின் இருக்கையில். புதுச்சத்திரம் தாண்டும்வரை அக்காவின் கை தெரிந்தது. பிறகு நின்றுகொண்டு வந்த ஒரு அம்மாள் மறைத்துவிட்டார். எனக்கு வேறு ஜலதோஷம். மூக்கு அடைத்து, காது கும்மென்று இருந்தது. கடலூர் முதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கடல் கண்ணில் பட்டதும் அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள். சுனாமிக்குப் பிறகு அவள் கடற்கரைக்கே வந்ததில்லை. லைட் ஹவுஸ் வாசலில் இறங்கியபோதும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள்.

அவர்கள் முன்னாலேயே வந்திருந்தார்கள். மாமா பெரிய உடம்பு, பெரிய குரல். இன்னும் ஒன்றும் நிச்சயமாகவில்லை, அதற்குள் அப்பாவை "வாங்க சம்மந்தி" என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை ஒல்லியாக, கட்டம்போட்ட சட்டையில், எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல நின்றார். அவருடைய அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பஸ் காத்தும்மா, அதான்" என்றாள். ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார்கள். அக்கா டம்ளரை வாங்கியபோது, இப்போது கொடுத்தால் என்ன என்று பர்ஸைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். மூடிவிட்டேன்.

அம்மாக்கள் இரண்டு பேருக்கும் முட்டிவலி. அப்பா அவர்களுக்குத் துணையாகக் கீழேயே தங்கிவிட்டார். மாமா, மாப்பிள்ளை, அக்கா, நான் நாலு பேரும் ஏறினோம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்று மாமா முன்னால் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே சுண்ணாம்பு வாடையோ என்னவோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படி சுற்றிச் சுற்றிப் போனது. ஒரு ஆள் போகிற அகலம். சுவரில் அங்கங்கே சின்ன ஜன்னல். ஒரு சுற்றுக்கு வெளிச்சம் முகத்தில் அடித்தது, அடுத்த சுற்றுக்கு இருட்டு, மறுபடியும் வெளிச்சம். விட்டுவிட்டு அடிக்கிற வெளிச்சம் சிலபேருக்கு ஆகாது என்று டாக்டர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அக்காவுக்கு அது உண்டா இல்லையா என்று அன்றைக்குக் கேட்டுவைத்திருக்க வேண்டும். நான் அவளுக்கு ஒரு படி கீழே, இரண்டு கையையும் விரித்துச் சுவரைத் தொட்டபடி ஏறினேன். விழுந்தால் நான் தாங்க வேண்டும். என்னால் தாங்க முடியாது, இரண்டு பேரும் சேர்ந்து உருளுவோம் என்றும் தெரிந்தது. அக்கா ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நான் அவள் முதுகுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவள் திரும்பி, "படி ஜாஸ்தியா இருக்கு, அவ்ளோதான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஏறினாள்.

உச்சியில் ஒரு குறுகலான இரும்பு ஏணி. அதன் வழியாக விளக்கு இருக்கிற கண்ணாடி அறைக்குள் போனோம். மாமா விளக்கைச் சுற்றியிருந்த பெரிய லென்ஸ் கண்ணாடியைக் காட்டினார். அந்தக் காலத்தில் கப்பலெல்லாம் தூரத்திலேயே நின்றுவிடும், படகில்தான் சரக்கு இறக்குவார்கள், இந்த வெளிச்சத்தை நம்பித்தான் ராத்திரி நங்கூரம் போடுவார்கள் என்றார். அக்கா கேள்வி கேட்டாள். விளக்கு சின்னதாக இருக்கும்போது வெளிச்சம் எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்று அவளே பதிலும் சொன்னாள். அவள் எடுப்பது சயின்ஸ். மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். "நீங்க பேசிட்டு வாங்க, நான் கீழ சம்மந்திய கவனிக்கறேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

வெளியே சுற்றிவர ஒரு குறுகிய நடை. கம்பி என் இடுப்பு உயரம்தான். அக்கா என்னைவிட உயரம். அவளும் மாப்பிள்ளையும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். கீழே ஆறு கடலில் சேருகிற இடம், படகுகள், வடக்கே தேவனாம்பட்டினம் பக்கத்து மணல். அவர் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டும் ஒன்பதும் என்றாள். பசங்கள் அடங்குகிறார்களா என்றார். சிரித்தாள். நான் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததால் துடிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏதோ கருகற வாசன வருதில்ல?"

நான் மூக்கை உறிஞ்சினேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. கார்த்திகை மாதக் காலையில் கேட்ட அதே வார்த்தை. அவள் கையைக் கம்பியிலிருந்து பிய்த்தெடுக்கிற மாதிரி இழுத்தேன். உள்ளே வா, உட்கார் என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா உட்காரவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"காலையில டப்பாலேந்து எடுத்தியே, அந்த மாத்திரையக் குடு."

பர்ஸைத் திறந்து காகிதத்தைப் பிரிக்கும்போது ஒரு மாத்திரை கீழே விழுந்து கம்பிக்கு வெளியே போயிற்று. மற்றதை அவள் வாங்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். தலைவலியா என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க. எனக்கு ஃபிட்ஸ் இருக்கு. பதினஞ்சு வயசுலேந்து. மாத்திரையிலதான் இருக்கேன். கடைசியா வந்தது ரெண்டு மாசம் முன்னாடி. எங்க வீட்ல சொல்ல வேணாம்னாங்க. நீங்க தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சு."

அவர் ஒரு அடி நகர்ந்து, கம்பிக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "தண்ணி இல்லாம போட்டா தொண்டையில ஒட்டிக்காதா?" அவர் கேட்டது அதைத்தான். உள்ளே போய்க் கண்ணாடி அறைத் தரையில் அக்காவை உட்காரச் சொன்னார். இப்போது வருமா என்று கேட்டார். தெரியாது என்றாள். வந்தால் நான் பார்த்துக்கொள்வேன், நீங்கள் ஏணிப் பக்கம் மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். அவர் அப்படியே ஏணி வாயில் உட்கார்ந்துகொண்டார். நான் அவள் விரலைப் பார்த்தபடி இருந்தேன். போட்ட மாத்திரை உடனே வேலை செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். கீழேயிருந்து மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. கால்மணி நேரம் இருக்கும். விரல் துடிக்கவில்லை. ஒன்றும் வரவில்லை.

இறங்கும்போது அவர் முன்னால் போனார். ஒவ்வொரு படியிலும் நின்று, திரும்பிப் பார்த்து, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அக்கா விழுந்தால் தன்மேல் விழட்டும் என்றுதான் அப்படி இறங்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. இந்த மனுஷன் சரியென்று சொல்லிவிடுவார் என்று அப்போது நினைத்தேன்.

கீழே வந்ததும் மாமா, மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சவுக்குச் சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டார்கள், புகை மேலே வந்து தொந்தரவு செய்ததா என்று விசாரித்தார். நான் மதிலைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் புகை நெளிந்து எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை அவருடைய அம்மாவிடம் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் அக்காவுக்குப் பூ வைத்துவிட்டு, நல்ல சேதி சொல்லி அனுப்புகிறோம் என்றார். அம்மா முகம் மலர்ந்துபோயிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நிஜமான புகை என்று தெரிந்திருந்தால் இவ்வளவு கலாட்டா ஆகியிருக்காது, என்னால்தான் எல்லாம் என்றேன்.

"பொகைய நான் மேலேந்தே பாத்துட்டேன்" என்றாள்.

"அப்பறம் ஏன்க்கா?"

"நான் சும்மாதான் கேட்டேன். ஒன் மூஞ்சி வெளுத்துப்போச்சி. ரெண்டு மாசமா நீ என் வெரலயே பாத்துக்கிட்டு கெடக்கற, எனக்குத் தெரியாதா? அந்த வீட்டுக்குப் போனா யாரு பாப்பா? எவங்கிட்டயும் சொல்லாம ஒளிச்சி வெச்சிக்கிட்டு, நான் தனியா வுழுந்து கெடக்கணுமா?"

அப்புறம் சிதம்பரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே, மாப்பிள்ளையிடம் சொன்னதை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா என்று அப்பா கேட்டார். எல்லாம் என்றாள். அம்மா சுவரில் சாய்ந்தாள். மூன்று வருஷமாக ஒன்றும் இல்லாததைப் போய் யாராவது சொல்வார்களா என்று ஆரம்பித்தாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானாகத்தான் கார்த்திகையில் நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "எங்க வுழுந்தா? தலையில அடிபட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாலு நாள் எங்கள் இரண்டு பேரிடமும் அவள் பேசவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து காலை மாத்திரையைத் தண்ணீரோடு அவளே எடுத்துவந்து தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

பத்து நாள் போனுக்குக் காத்திருந்தோம். மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் இருந்த இடத்தில் நின்றுவிடுவோம். அப்பாதான் போய் எடுப்பார். பதினொன்றாம் நாள் மாமா பேசினார். ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் பொருத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதாம், மன்னிக்கணும் என்றார். குரலில் பழைய சத்தம் இல்லை. சம்மந்தி என்று கூப்பிடாமல் சார் என்றார்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நான் போனை எடுத்தேன். அந்தக் கடலூர் மாப்பிள்ளைதான். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார்களா என்று கேட்டார். அக்கா பேசினாள், பேசினாள் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் சொன்னபோது அவருடைய அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவை மீறுகிற தைரியம் தனக்கு இல்லை என்றாராம். இந்த விஷயம் தன் அம்மா, மாமாவைத் தாண்டிப் போகாது, அதற்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னாராம். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பர் ஒரு கட்டு இருந்தது. திருத்தி முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

நான் அவரை நம்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல், தெருவில் யாராவது இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால் அக்காவைப் பற்றித்தான் என்று தோன்றும். கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தரும்போது ஒரு மாதிரி பார்த்தாரோ என்று வீடு வரும்வரை யோசிப்பேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

புதுச்சேரி டாக்டரிடம் அம்மாவும் வந்தாள். ஒருநாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள். டாக்டர் அவளைப் பத்து நிமிஷம் உட்காரவைத்துத் திட்டினார். மாத்திரையையும் மாற்றினார். புது மாத்திரையில் அக்காவுக்குப் பகலில் கண் அவ்வளவாகச் சொருகவில்லை. இதைப் பத்து வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்று வெளியே வந்ததும் அப்பா சொன்னார். அவர் அப்படி ஏதாவது சொல்வதே அபூர்வம்.

2011இல் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். எம்.எஸ்ஸி. படித்த பெண்ணுக்குப் பட்டறைக்காரரா என்று சொந்தத்தில் கேட்டார்கள். பெண் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். காபி கொடுப்பதற்கு முன்பே அக்கா கூடத்தில் வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர், "வந்தா நான் என்னா செய்யணும்?" என்று கேட்டார். கையில் சாவி கொடுக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு நேரத்தைப் பார்க்க வேண்டும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி என்று அக்கா சொன்னாள். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அம்மா அடுக்களை நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் பாதி எனக்கே தெரியாதுடி என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் கழித்து, 2012இல், காலை ஆறரை மணிக்கு என் செல்லில் அக்கா வீட்டுக்காரர் நம்பர் வந்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிடமாட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். வந்துவிட்டது, இப்போது சரியாகிவிட்டது என்றார். வாசலில் தண்ணீர் பிடிக்கும்போது விழுந்தாளாம். இரண்டரை நிமிஷமாம். பக்கத்து வீட்டுக்காரர் இரும்பைக் கொண்டுவந்தாராம், இவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தாராம். அதையே இரண்டு தடவை சொன்னார். தலையில் அடியா என்று கேட்டேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும் என்றார். நான் கிளம்பி வருகிறேன் என்றேன். இரு, அவளே பேசுகிறாள் என்று கொடுத்தார்.

அக்காவின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்தது போல இருந்தது.

"ஒண்ணும் ஓடி வராத. லீவ் போடாத. என்னோட பச்சப் பொடவைய அங்கயா வெச்சிட்டு வந்துட்டேன்? ரெண்டு நாளா தேடறேன்."

பீரோவைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது. இருக்கிறது என்றேன். சரி, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.